டொரண்டோ எத்தனை மணி நேரம்

தோட்டத்து வீடு,
புதுச்சத்திரம், நாமக்கல்.
18.5.2025

கௌசிக் சாமிக்கு அப்பத்தா எழுதுவது.

இங்கே நான், உன் அப்பன், அம்மா, உன் தங்கச்சி பிரியா நாலு பேரும் வெயிலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். உனக்குப் போன மாதம் இருந்த இருமல் நின்றதா? நீ பதில் போட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

காதுக்குப் புது மெஷின் வாங்கிக்கொண்டு ஃபோனிலேயே பேசச் சொல்கிறாள் பிரியா. பழைய மெஷினிலேயே கோழிச் சத்தம் நன்றாகக் கேட்கிறது, மனுசப் பேச்சுத்தான் கேட்பதில்லை. நான் எழுதித் தர, அவள் படம் பிடித்து உனக்கு அனுப்ப, உன் பதிலைக் கடையில் பெரிசாகப் பிரிண்டு போட்டுக் கொண்டுவர, மூன்று வருசமாக இது நன்றாகத்தானே நடக்கிறது. எனக்கு இதுவே போதும்.

ஒரு விசேசம் சொல்கிறேன். பக்கத்துத் தோட்டத்துக் கண்ணுசாமி பேத்திக்கு நேற்றுக் காதுகுத்து. பந்தியில் அவன் மகன் சிவபிரகாஷ் இலை போட்டுக்கொண்டு வந்தான். சிங்கப்பூரில் வேலை போய் ஊருக்குத் திரும்பிவிட்டானாம். நான் சும்மா இருப்பேனா. “ஏஞ் சாமி, சிங்கப்பூரு பிளேன்ல எத்தன மணி நேரம்?” என்றேன். நாலு விரலைக் காட்டினான். “நாலா? இங்க பஸ் ஏறுனா மெட்ராசுக்கே ஏழு மணி நேரம். அதான் போன சுருக்குல திரும்பிட்ட. எம் பேரன் போன டொரண்டோ பதிமூவாயிரம் கிலோமீட்டரு. எடையில எறங்கி ஏறி இருவத்திரண்டு மணி நேரம். அவ்வளவு தூரம் போனவன் இப்படி வந்து எல போட மாட்டான்” என்றேன். பந்தியே சிரித்தது. அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. எனக்கு நுனி இலையைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் தலைக்குக் குளிக்காதே.

உன் பெருமையில் வாழும்
அப்பத்தா பொன்னாயி


டொரண்டோ
9.6.2025

அன்புள்ள அப்பத்தாவுக்குக் கௌசிக்கின் வணக்கம்.

நான் நலம். இருமல் இல்லை. மூன்று வாரம் கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள், வேலை அதிகம்.

சிவபிரகாஷ் அண்ணன் பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே. ஒருமுறை நான் பஸ்ஸைத் தவறவிட்டபோது சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். அவர் ஏன் திரும்பினார் என்று யாராவது கேட்டீர்களா?

அம்மாவிடம் கேட்டதாகச் சொல்லுங்கள். வேறு விசேசம் இல்லை.

கௌசிக்


புதுச்சத்திரம்
14.7.2025

சாமிக்கு அப்பத்தா.

எல்லோரும் சுகம். உன் அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி. நீ நேரத்துக்குத் தின்கிறாயா? போன கடிதம் தபால் கார்டு அளவுக்கு இருந்ததே.

நல்ல சேதி. பிரியாவுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருக்கிறார்கள். நல்ல குடும்பம், பையனும் அமைதி. கார்த்திகை பதினாலாம் தேதி, நவம்பர் முப்பது, ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு உன் படத்தைத்தான் முதலில் காட்டினேன். கூட்டத்து இரைச்சலில் சம்பந்தியம்மா ஏதோ கேட்டார்கள். பிரியாவைப் பற்றிக் கேட்டிருப்பார்கள்போல. நான் உன் ஊர்த் தூரத்தைச் சொன்னேன். “இங்க நான் கோழி ஷெட்டுல சாயங்கால லைட்டு போடறப்ப அவனுக்கு அங்க விடிஞ்சு பல்லு வெளக்குற நேரமுங்க” என்றேன். முட்டைக் கோழிக்கு வெளிச்சம் குறையாமல் பார்க்கிறவள் நான். உன் பொழுதும் என் பொழுதும் எப்படி மாறி மாறி வரும் என்பது எனக்கு மனப்பாடம். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

கைகோர்வைச் சீருக்கு நீதான் உட்கார வேண்டும். சீர் நடத்துகிற அருமைக்காரர் மாப்பிள்ளையையும் பெண்ணோடு கூடப் பிறந்தவனையும் எதிரெதிரே உட்கார வைத்து, கையோடு கை சேர்த்துவிட்டால்தான் நம் வீட்டில் கல்யாணம் நிறைந்த மாதிரி. பிளேனுக்கு இப்போதே சொல்லி வை.

அப்பத்தா


டொரண்டோ
3.8.2025

அப்பத்தாவுக்கு வணக்கம். எல்லோரும் நலம் என்று அறிந்து சந்தோசம். அம்மாவை டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

பிரியா கல்யாணச் சேதி கேட்டு ரொம்ப மகிழ்ச்சி. மாப்பிள்ளையிடம் ஃபோனில் பேசினேன், நல்லபடியாகப் பேசினார்.

நான் வருவது கஷ்டம் அப்பத்தா. நீங்களே சொல்வதுபோல ஒரு வழிக்கு இருபத்திரண்டு மணி நேரம். போக வரவே நாலு நாள் போய்விடும். ஆபீசில் அவ்வளவு லீவு தர மாட்டார்கள். பெரியப்பா மகன் உள்ளூரில்தானே இருக்கிறார், அவரைக் கைகோர்வைக்கு உட்கார வையுங்கள். அவரும் கூடப் பிறந்தவன் முறைதான்.

பிரியா கோபித்துக்கொள்வாள். சமாதானம் சொல்லுங்கள்.

கௌசிக்


புதுச்சத்திரம்
15.9.2025

கௌசிக்குக்கு.

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூடக் கோபமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

உள்ளூரில் இருக்கிறவன் கையைப் பிடிப்பதில் என்ன இருக்கிறது? கடல் தாண்டி வந்து பிடிக்கிற கைக்குத்தான் மரியாதை. பத்திரிகை அடித்தாயிற்று. உன் பேருக்குப் பக்கத்தில் ‘கனடா’ என்று போடச் சொன்னேன். அச்சகத்துக்காரன் எறும்பு மாதிரிச் சின்ன எழுத்தில் போட்டிருந்தான். உன் அப்பன் வேண்டாம் என்று தலையாட்டியும் கேட்காமல், பெரிய எழுத்தில் மறுபடி அடிக்க வைத்தேன். கண்ணுசாமி வீட்டுக்குத்தான் முதல் பத்திரிகை வைத்தோம். சிவபிரகாஷ் வாங்கிப் படித்துவிட்டு உள்ளே போய்விட்டான். இப்போது முட்டை வண்டி ஓட்டுகிறான், பாவம்.

நீ வராவிட்டால் அந்தப் பெரிய எழுத்துக்கு நான் என்ன பதில் சொல்வேன்? பிரியாவோ உன் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிறாள். லீவு கேட்டு எழுது.

அப்பத்தா


புதுச்சத்திரம்
8.10.2025, மத்தியானம்

சாமிக்கு.

என் கடிதத்துக்கு நீ பதிலே போடவில்லை. போகட்டும். காலையில் ஷெட்டில் தண்ணீர்க் குழாய் ஒழுகி, கால் வழுக்கி விழுந்துவிட்டேன். இடது கை தூக்க முடியவில்லை. வலது கை நன்றாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். பிரியா பயந்து அழுகிறாள். நீ பயப்படாதே. இது ஒன்றும் இல்லை. உன்னைப் பார்க்க வேண்டும்போல இருந்தது, அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

அப்பத்தா


டொரண்டோ
8.10.2025

அப்பத்தா, உங்கள் கடிதம் பார்த்தேன். கை வீங்கியிருக்கிறதா? விரலை மடக்க முடிகிறதா? யார் சொன்னாலும் எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். கட்டுப் போடுகிறவரிடமும் போக வேண்டாம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு நாமக்கல் போய் எக்ஸ்ரே எடுங்கள். ராத்திரி கையைத் தலையணை மேல் வைத்துப் படுங்கள். தலையில் அடி பட்டதா என்று எழுதவே இல்லையே. தலை சுற்றுகிறதா?

வேலையைப் பாதியில் விட்டு மொட்டை மாடிக்கு வந்து எழுதுகிறேன். பொழுது சாய்ந்துவிட்டது, காகிதத்தில் எழுத்துச் சரியாகத் தெரியவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுதுங்கள். எனக்கு உங்களை விட்டால் யார்.

கௌசிக்


புதுச்சத்திரம்
2.11.2025

கௌசிக் சாமிக்கு.

எலும்பு முறியவில்லை. சுளுக்குத்தான். கட்டுப் பிரித்தாயிற்று. உடனே எழுதச் சொன்னாய், நான் மூன்று வாரத்துக்கு மேல் எழுதவில்லை. பேனா எடுப்பேன், வைத்துவிடுவேன்.

அன்றைக்குச் சாயங்காலம் ஷெட்டில் லைட்டுப் போட நின்றபோதுதான் பிரியா உன் பதிலைக் கொண்டுவந்தாள். பிரிண்டுகூடப் போடவில்லை, ஃபோனிலேயே காட்டினாள். ‘பொழுது சாய்ந்துவிட்டது’ என்று எழுதியிருந்தாய். தலையைத் தூக்கிப் பார்த்தேன். இங்கேயும் அப்போதுதான் பொழுது சாய்ந்திருந்தது.

மத்தியானம் நான் எழுதியதற்கு அந்தி நேரத்தில் பதில் வந்தது. அதற்குள் உன் டொரண்டோவில் ஒரு பொழுது சாய்ந்திருக்க வழியில்லை. அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். சுவிட்சில் வைத்த கையை எடுக்காமல் நின்றேன். பிரியா என் காதோரம் வந்து, “என்னாச்சுங்க அப்பத்தா, கை வலிக்குதா?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவளிடமும் சொல்லவில்லை, உன் அப்பனிடமும் சொல்லவில்லை. இதைப் படம் பிடிக்கிறபோது அவளே தெரிந்துகொள்ளட்டும்.

எங்கே இருக்கிறாய் என்று அதட்டிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எத்தனை நாளாக இந்தப் பக்கத்துப் பொழுதில் இருக்கிறாய் சாமி? அதை மட்டும் சொல்.

அப்பத்தா


பெங்களூர்
3.11.2025

அப்பத்தாவுக்கு.

கை சரியானது நிம்மதி.

மே மாதத்தில் இருந்து. எனக்கு அங்கே வேலை செய்யக் கொடுத்திருந்த அனுமதி முடிந்துவிட்டது. தொடர்ந்து தங்க விண்ணப்பித்தது கிடைக்கவில்லை. என் கூடப் படித்தவர்களில் பாதிப் பேருக்கு இப்படித்தான். நான் தப்பு எதுவும் செய்யவில்லை.

வீட்டுக்குத்தான் வந்தேன் அப்பத்தா. பெங்களூரில் இறங்கி, நாமக்கல் பஸ் பிடித்து, யாரிடமும் சொல்லாமல் வாசலில் வந்து நிற்பதாக இருந்தேன். பெட்டிக்காக நின்றபோது ஃபோனைத் திறந்தேன். உங்கள் கடிதம் வந்திருந்தது. சிவபிரகாஷ் அண்ணனைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த கடிதம். படித்து நிமிர்ந்தபோது என் பெட்டி என்னைத் தாண்டிப் போய், இன்னொரு சுற்றுச் சுற்றி வந்துகொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு நண்பன் அறைக்குப் போய்விட்டேன். பதிமூவாயிரம் கிலோமீட்டர் வந்தவனால் மீதி இருந்த நாலைந்து மணி நேரத் தூரத்தைத் தாண்ட முடியவில்லை.

அப்பாவுக்குப் பயப்படவில்லை. அவர் ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டுச் சரியாகிவிடுவார். உங்கள் முன்னால் இலை போட என்னால் முடியாது என்று தோன்றியது.

இங்கே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. பத்திரிகையில் கனடா என்று போட்டாயிற்று. நான் வந்தால் பிரியாவுக்குத்தான் தலைக்குனிவு. பெரியப்பா மகனே உட்காரட்டும்.

கௌசிக்


புதுச்சத்திரம்
15.11.2025

சாமிக்கு அப்பத்தா எழுதுவது. சுகம் விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நேராக விசயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதம் படித்ததும் முதலில் உன் மேல்தான் கோபம் வந்தது. ஊர் முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாயே என்று. பிறகு, அப்படி என்ன எழுதிவிட்டேன் என்று பார்க்கத் தோன்றியது. பிரியாவிடம் கேட்டு என் கடிதத்தைத் தேடி எடுத்துப் பிரிண்டு போட்டு வரச் சொன்னேன். என் கையெழுத்துதான். பந்தியே சிரித்தது என்று எழுதியிருக்கிறேன். ஒரு பையன் கை தடுமாறி இலையைத் திருப்பிப் போட்டதை வேடிக்கை மாதிரி எழுதியிருக்கிறேன். அதற்குமேல் படிக்கவில்லை. பிரியா பக்கத்திலேயே நின்றாள். அவள் எல்லாம் படித்துவிட்டாள்.

உன் அப்பனிடம் சொன்னேன். தீவன மூட்டையைத் தூக்கியவன் இறக்கி வைத்துவிட்டு, “சாப்புட்டுக்கிறானா?” என்றான். அவன் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். உன் அம்மா அழுதுவிட்டு உன் அறையைக் கூட்டப் போய்விட்டாள்.

உன் அப்பனையும் கூட்டிக்கொண்டு குமாரபாளையம் போனேன். சொல்ல வேண்டியவள் நான், நீ பேசாமல் இரு என்று அவனிடம் சொல்லிவிட்டேன். தறிச் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகியவர்கள் என்பதால் சம்பந்தியம்மா பேசுவது எனக்கே கேட்டது. தெருவுக்கும் கேட்டிருக்கும்.

“எம் பேரன் கனடாவுல இல்லீங்க. திரும்பி வந்து ஆறு மாசமாச்சு. பெங்களூருல இருக்கறான். நாந்தான் பெருசாப் பேசிப்போட்டேன்” என்றேன்.

“பெங்களூரா? அப்பப் பந்தக்காலுக்கே வந்திருக்கலாமுங்களே, ஏன் வரல?” என்றார்கள்.

“பத்திரிகையில கனடான்னு போட்டிருக்குதுங்க.”

“போட்டா இருக்கட்டுமுங்க, யாரு அத மொழம் போட்டு அளக்கப் போறாங்க? நாங்க பொண்ணத்தானுங்க கேட்டோம். நீங்கதான் அன்னைக்கு முழுக்கப் பிளேனப் பத்தியே பேசுனீங்க. பொண்ணுக்கு என்ன சமைக்கத் தெரியும்னு நான் மூணு வாட்டி கேட்டேன், பதிலே வரல.”

உன் அப்பன் சிரித்துவிட்டான். எனக்கு நிலத்தில் புதைந்துகொள்ளலாம்போல இருந்தது. நான் கட்டிக் காத்த பெருமையை அந்த வீட்டில் ஒருவரும் கையில் வாங்கவே இல்லை. அதற்காகத்தான் உன்னை வீட்டுக்கு வர விடாமல் அவ்வளவு தூரத்தில் நிறுத்தி வைத்திருந்தேன்.

குமாரபாளையத்தில் சொன்னது சுலபம். கண்ணுசாமி வீட்டு வாசலில் கால் ஏறவில்லை. சிவபிரகாஷ் நாற்காலி கொண்டுவந்து போட்டான். உட்காரவில்லை. நின்றுகொண்டே உன் சேதி முழுக்கச் சொன்னேன். “பந்தியில உன்னச் சொன்னது எம் பேரனப் போயிச் சேர்ந்திருச்சு சாமி” என்றேன். அவன் ஏதோ சொன்னான், கேட்கவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தான். ‘பரவாயில்லை என்று சொல்ல எனக்கு இன்னும் மனசு வரவில்லை ஆத்தா. கௌசிக்கை வரச் சொல்லுங்கள். பஸ்ஸை விட்டு இறங்கினதும் நான் கூட்டி வருகிறேன். முதல் நாள் தெருவில் தனியாக நடப்பதுதான் கஷ்டம்.’

அதைப் படித்து, மடித்து முந்தானையில் முடிந்துகொண்டேன். திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது எல்லோருக்கும் தெரியும். நீ வந்து யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூரில் இருந்து சேலத்துக்குப் பிளேன் ஒரு மணி நேரம்தான் என்று பிரியா பார்த்துச் சொன்னாள். பிளேன் வேண்டாம், பஸ்ஸிலேயே வா. பிளேனில் வந்தால் நான் மறுபடி ஆரம்பித்துவிடுவேன். சேலத்தில் மாறி நாமக்கல் பஸ்ஸில் ஏறி, நம் ஊரில் இறங்கு.

வா என்று கூப்பிட எனக்கு முகம் இல்லை. உன் தங்கச்சி கூப்பிடுகிறாள். இந்தக் கடிதத்தின் அடியில் அவளே எழுதுகிறாள், பார்.

அப்பத்தா

(அண்ணா, பெரியப்பா மகன் கையைப் பிடித்தால் நான் மணவறையை விட்டு எழுந்து போய்விடுவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிரியா)


28.11.2025
வீட்டு ஆசாரக் கூடத்தில் இருந்து

அப்பத்தாவுக்கு,

நலமா என்று கேட்டு எழுத வேண்டிய தூரத்தில் நீங்கள் இல்லை. ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது. வந்து வெகுநேரம் ஆகிறது, உங்களைக் காணவில்லை.

சிவபிரகாஷ் அண்ணன் முட்டை வண்டியில் கொண்டுவந்து விட்டார். வழியில் இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. கடைக்காரர் எட்டிப் பார்த்தபோது வேண்டுமென்றே வண்டியை நிறுத்தி, “நம்ம கௌசிக்குங்க, வந்துட்டான்” என்று அவரே சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு மூச்சு வந்தது. அப்பா என் பையை வாங்கிக்கொண்டார். அம்மா இரண்டாவது தடவை சாப்பிட வைத்துவிட்டார். மாமாக்கள் எல்லாம் பந்தலில் சீட்டு விளையாடுகிறார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நீங்கள் ஷெட்டில் இருப்பதாகப் பிரியா சொல்கிறாள். கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்காது. அதனால் இதை அவளிடம் கொடுத்து விடுகிறேன். நான் அங்கே வரட்டுமா?

கௌசிக்


ஷெட்டில் இருந்து

சாமிக்கு,

நீ வண்டியை விட்டு இறங்கியதைப் பார்த்தேன். இளைத்திருக்கிறாய். வாசலுக்கு ஓடி வரத்தான் கிளம்பினேன். அதற்குள் நீ தலை குனிந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாய், வேற்றாள் வீட்டுக்கு வந்தவன் மாதிரி. அதற்குமேல் எனக்குக் கால் வரவில்லை. கோழிக்குத் தண்ணீர் பார்க்கிற மாதிரி உள்ளே வந்துவிட்டேன். தண்ணீர் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

உன் முகத்தைப் பார்க்க வெக்கமாக இருக்கிறது. மாமன்மார் கேட்காவிட்டாலும் அவர்கள் முன்னால் உன் பக்கத்தில் வந்து நிற்க வெக்கமாக இருக்கிறது. பிரியா இங்கேயே நிற்கிறாள், பதில் வாங்காமல் போக மாட்டாளாம்.

நீ இங்கே வர வேண்டாம். போதும், நீ வந்த தூரம். உட்கார்ந்த இடத்திலேயே இரு. கை கால் கழுவிக்கொண்டு நான் வாரேன்.

அப்பத்தா